பூட்டிய ஏடும் புயற் கூண்டும்

பாம்பன் துறைமுகத்திலே ஒரு கம்பம் நிற்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்து, சுழன்று, புயலாகத் திரளுகிற நாட்களில் அந்தக் கம்பத்திலே கூண்டு ஏறுகிறது. "பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு" என்று மறுநாள் நாளேடுகள் எழுதுகின்றன. பகலிலே கூண்டு, இரவிலே விளக்கு. எழுத்தறியாதவனும் அதைப் படிக்கிறான். கட்டணம் கேட்பாரில்லை. மனுப் போடச் சொல்வாரில்லை. 'நீ யார்? எந்தக் குலம்? எதற்காக இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய்?' என்று குறுக்குக் கேள்வி போடுவாருமில்லை. கப்பல் முதலாளியும் காண்கிறான், கரைவலை இழுக்கும் கூலியும் காண்கிறான். ஆட்சி அறிந்ததை ஊர் அறிகிறது. அவ்வளவுதான்!

அந்தக் கூண்டுக்குரிய எண்கள் மொத்தம் 11. முதலிரண்டும், புயல் தொலைவிலே இருக்கிறது என்பதைச் சொல்பவை. 3, 4 ஆகியவை, துறைமுகத்துக்கே கொந்தளிப்பு வரக்கூடும் என்று எச்சரிப்பவை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். பத்துக்கும் மேலே பதினொன்று இருக்கிறதே, அது எதைக் குறிக்கிறது? பேரபாயத்தினும் பெரிய அபாயத்தையா? பிரளயத்தையா? இல்லை, தோழர்களே! புயல் எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே பதினோராம் எண்ணின் பொருள்.

காற்றின் வேகத்தைக் காட்டும் எண்களுக்கெல்லாம் மேலே, செய்தி அற்றுப்போனதைக் காட்டும் எண்ணை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையிலே ஓர் உண்மை அடங்கிக் கிடக்கிறது. புயல் கொடிது, புயல் வருவது தெரியாமலிருப்பது அதனினும் கொடிது. இராமநாதபுரம் சீமையின் வரலாற்றைப் புரட்டினால், அதன் கரையிலே நெடுங்காலம் ஏற்றப்பட்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத பதினோராம் எண் கூண்டுதான் என்பதை உணருவோம். ஆட்சியின் அலுவலகங்களிலே செய்தி குவிந்து கிடந்தது. அந்தச் செய்தியால் வாழ வேண்டியவன் அதைக் காணாமலே கடலுக்குப் போனான். அந்த வரலாற்றையும், அறுந்த தொடர்பை ஒட்டவைக்க நடந்த முயற்சியையும், இன்னும் ஒட்டாமல் கிடக்கும் முனைகளையும் இங்கே எடுத்துக்காட்ட விழைகிறோம்.

கூண்டு பிறந்த கதை முதலில். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிற்று. பல்லாயிரவர் மாண்டனர், துறையிலே நின்ற கப்பல்கள் நொறுங்கின. அதன் விளைவாக 1865இல் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தோன்றிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே வகை அடையாளங்கள் வகுக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1861இல், இங்கிலாந்தில் பிட்ஸ்ராய் என்ற கடற்படைத் தலைவர் இத்தகைய அடையாளங்களைக் கரையோரங்களில் ஏற்றச் செய்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 'கணிப்பிலே துல்லியம் போதவில்லை' என்று கற்றோர் சிலர் குறைகூறி 1866இல் அதை நிறுத்திவைத்தார்கள். நடந்தது என்ன? மாலுமிகளும் மீனவரும் எழுப்பிய கூக்குரலால் அடுத்த ஆண்டே எச்சரிக்கை மீண்டும் வந்தது. பிழை கலந்த செய்தியாயினும் அது எங்கள் கண்ணுக்குத் தெரியட்டும், பிழையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது உழைக்கும் கூட்டம். எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் அது!

வெள்ளையன் தன் கப்பலையும் சரக்கையும் காக்கவே இங்கே கூண்டை ஏற்றினான் என்பது மெய்தான். ஆனால் உயரத்திலே ஏற்றிவிட்ட பிறகு, 'முதலாளி மட்டும் பார்; கட்டுமரக்காரனே, கண்ணை மூடிக்கொள்' என்று சொல்ல முடியுமா? ஒருவன் பார்த்ததால் மற்றவனுக்குக் குறைந்து போகுமா? சோற்றைப் பகிர்ந்தால் பங்கு சிறுக்கும். செய்தியைப் பகிர்ந்தால் பங்கு சிறுப்பதில்லை, பயன்தான் பெருகும்.

இந்த எளிய கணக்கு ஆள்வோருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பூட்டினார்கள்! வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்ம சாத்திரம் இந்த மண்ணிலே வேரூன்றியிருந்தது. தவம் செய்தான் என்பதற்காகச் சம்பூகன் தலையைச் சீவிய இராமனுடைய பெயரால்தான் இராமேசுவரம் வழங்குகிறது. அறிவு சிலருக்கே உரியது, பலருக்கு அது பாவம் என்ற அந்தப் புத்தி கோயிலோடு நிற்கவில்லை. கச்சேரிப் படியிலும் ஏறிற்று. கிராமத்துக் கர்ணத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வயல் யாருக்கு, எவ்வளவு வரி, எது புறம்போக்கு என்பதெல்லாம் அவர் வீட்டு ஏட்டிலே. அந்தப் பதவியோ தந்தைக்குப் பின் மைந்தனுக்கு! உழுகிறவனுக்குத் தன் நிலத்தின் எல்லை, கர்ணத்தின் நாக்கிலே இருந்தது. 1980இல் தமிழ்நாடு அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தியது. இன்று பட்டாவையும் சிட்டாவையும் எவரும் இணையத்திலே பார்க்க முடிகிறது. கர்ணத்தின் திண்ணையிலே கைகட்டி நின்றவர்களின் பேரன், கைப்பேசியிலே அதே ஏட்டைப் புரட்டுகிறான். இது சின்ன மாறுதலா?

நிலத்துக்கு ஏடு எழுதியவர்கள் கடலுக்கும் எழுதினார்கள். சேதுபதிகளின் சீமை 1803இல் ஜமீனாக உறுதிசெய்யப்பட்டது. முத்துச் சலாபமும் சங்கு குளிப்பும் ஆள்வோருக்கு வருமானம் தரும் துறைகள். ஆகவே ஆராய்ச்சி நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் 1890களில் இராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களையும் பற்றி எழுதினார். சென்னை மீன்வளத் துறையின் ஹார்னெல், சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி 1914இல் வெளியிட்டார். சங்கு எந்தப் படுகையில் விளைகிறது, வங்காளத்திலே அது எப்படி வளையலாகிறது என்றெல்லாம் உழைத்து எழுதிய நூல். பாராட்டுகிறோம். ஆனால் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மூச்சை அடக்கி மூழ்கிச் சங்கெடுத்தவன் அந்த நூலைக் கண்டானா? அவனிடம் கேட்டறிந்த செய்தி, அவன் அறியாத மொழியிலே அச்சேறி, அவன் நுழைய முடியாத நூலகத்திலே அடுக்கப்பட்டது. கடலடியைக் கண்ணால் கண்டவன் கரையிலே அறியாதவன் ஆனான்!

வேறு வழியே இல்லையா? இருந்தது. அதே நூற்றாண்டில் அமெரிக்கக் கடற்படையைச் சார்ந்த மோரி என்பவர், கிடங்கிலே தூசு படிந்து கிடந்த பழைய கப்பல் குறிப்பேடுகளையெல்லாம் திரட்டிக் காற்றும் நீரோட்டமும் போகும் திசைகளை 1847 முதல் வரைபடங்களாக வெளியிட்டார். அவற்றை வணிகக் கப்பல் தலைவர்களுக்கு விலையின்றிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் பயணத்தின் குறிப்பை எனக்கு அனுப்புங்கள்! குறிப்புகள் குவிந்தன, வரைபடங்கள் திருந்தின, பயண நாட்கள் குறைந்தன. கொடுத்த செய்தி வட்டியோடு திரும்பி வந்தது. கிடங்கில் கிடந்தவரை அது காகிதம். வெளியே வந்த பிறகுதான் அது செல்வம்.

இங்கோ ஆங்கில ஆட்சி நேர்மாறான திசையிலே நடந்தது. 1889இல் அலுவல் இரகசியச் சட்டம். 1904இல் கர்சன் காலத்தில் அதற்கு மேலும் கூர்மை. 1923இல் மீண்டும் புதுச் சட்டம். அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் சட்டப் புத்தகத்தை விட்டு நீங்கவில்லை. வெள்ளையன் போனான்; அவன் செய்த பூட்டு போகவில்லை!

விடுதலை பெறும் ஆண்டிலே, 1947 பிப்ரவரி 3ஆம் நாள், மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் 1971இல் தலைமையிடம் கொச்சிக்குப் போயிற்று. மண்டபத்திலே கிளை நிற்கிறது. நாட்டின் கடல் மீன் பிடிப்பு எவ்வளவு என்ற கணக்கை இந்நிலையம் எப்படி எடுக்கிறது? கரையோர இறங்கு தளங்களிலே, குலுக்கல் முறையில் சில இடங்களையும் சில நாட்களையும் தேர்ந்து, கணக்கெடுப்போர் நேரில் நின்று, படகு படகாக மீனை எண்ணி, அதிலிருந்து மொத்தத்தைக் கணித்து எடுக்கிறார்கள். அறிவார்ந்த முறை. ஆனால் நினைவிருக்கட்டும்: அந்தப் புள்ளி விவரத்தின் ஒவ்வோர் இலக்கமும் ஒரு மீனவனின் கூடையிலிருந்து எடுக்கப்பட்டது. சம்பளம் மக்களின் வரிப்பணம். எனவே அந்த ஏடு யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு விடை இருக்க முடியாது.

மீனவக் குடும்பத்திலே பிறந்து, அறிவியலைத் தமிழிலே தந்தே தீருவேன் என்று 'குடி அரசு' ஏட்டில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினாரே சிங்காரவேலர், அவர் கண்டது இந்த உண்மையைத்தான். அறிவு மேலேயிருந்து சொட்டும் தீர்த்தமல்ல; உழைப்பாளியின் சொத்து அவனுக்கே திரும்புவது.

அந்தச் சொத்து திரும்பாத காலத்திலே என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்று தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 17 அளவில் தென் அந்தமான் கடலிலே தோன்றிய தாழ்வு, நாளுக்கு நாள் வளர்ந்து புயலாகி, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியை விழுங்கிற்று. ஐந்து நாள் நடந்து வந்த எமன்! ஒரு தீவையே குறுக்காகக் கடந்து வந்தவன்! ஆயினும் அந்த இரவிலே பாம்பனிலிருந்து 653ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்டது. ஊரை நெருங்கும் வேளையில் பேரலை எழுந்து வண்டியை மூடிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர், எவரும் மீளவில்லை. பாம்பன் பாலம் சிதைந்தது; ஊர் குடியிருக்கத் தகாததென அரசால் அறிவிக்கப்பட்டது. சிதைந்த பாலத்தைப் பொறியாளர்கள் 46 நாட்களிலே சீராக்கினார்கள். இரும்புக்கு 46 நாள் போதும். வானிலை நிலையத்துக்கும் ஓட்டுநரின் கைக்கும் இடையே, கடற்கரைக் குடிசைக்கும் இடையே, செய்தி கடந்து செல்லும் பாலத்தை அமைக்க எத்தனை பத்தாண்டு!

அந்தப் புயலிலே நீர் கோயில் வரை வராமல் நின்றது, ஆண்டவன் அருள் என்று கதை கட்டியவர்களும் உண்டு. வண்டியிலே மாண்டவர்கள் செய்த குற்றம் என்ன என்று அவர்கள் சொல்லவில்லை. தனுஷ்கோடி, இரு கடலுக்கு இடையே நீண்டு கிடக்கும் தாழ்ந்த மணல் திட்டு; இராமேசுவரம் ஊர் அதைவிட மேடு. மேடு பள்ளம் காட்டும் வரைபடம் ஒவ்வொரு பள்ளியிலும் தொங்கியிருந்தால் அருளுக்கு அங்கே வேலை ஏது? கடலின் ஆழக் கணக்கு மக்கள் கையில் இல்லாத ஊரிலேதான், குரங்கு கட்டிய பாலம் கடலியலாக நடமாடுகிறது!

வரைபடமோ, கிடைக்கவில்லை. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்த நாளிலிருந்து இந்நாட்டை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள், விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம், எல்லையிலும் கடலோரத்திலும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குரிய விரிவான வரைபடங்களைத் தடைப் பட்டியலிலே வைத்தார்கள். இராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் அந்தப் பட்டைக்குள்ளே! சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே நீளமானது. அதன் வரைபடம் அதன் மக்களுக்கு இல்லை. பகைவன் பார்த்துவிடுவானாம்! பகைவன் வானத்திலே துணைக்கோளை ஏவிப் பார்த்துக்கொண்டான். அயல்நாட்டு நிறுவனங்கள் நம் ஊர்த் தெருவையே படமெடுத்து நம் கைப்பேசியிலே காட்டின. 2021 பிப்ரவரியிலேதான் மைய அரசு விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெறாமலே நில வரைபடச் செய்தியைத் திரட்டலாம், பயன்படுத்தலாம் என்றது. பூட்டு யாரைத் தடுத்தது? பகைவனையா, பள்ளி ஆசிரியனையா?

வரைபடத்தை மறைத்ததோடு நின்றார்களா? கடலின் மீதே கோடு போட்டபோதும் மறைத்தார்கள். 1974 ஜூனில் கச்சத்தீவைப் பற்றி ஒப்பந்தம். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவின் எல்லையைப் பற்றி மற்றோர் ஒப்பந்தம். ஜமீன் காலத்து ஏடுகளும், இரு தலைநகரங்களின் கடிதங்களும், அதிகாரிகளின் குறிப்புகளும் கோப்புக்குள்ளே கிடந்தன. இராமேசுவரத்து மீனவனுக்கு எட்டியது முடிவு மட்டுமே, காரணமல்ல. அந்தக் கோப்புகளில் சில தாள்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக 2024இல் வெளிவந்தன. அரை நூற்றாண்டு கழித்து! வந்த வேளையோ தேர்தல் வேளை. ஆளுக்கொரு தாளை உயர்த்திப் பிடித்து மேடையிலே முழங்கினார்கள். ஏடு முழுவதும் உரிய காலத்திலே திறந்திருந்தால், ஒரு பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைக்க எவராலும் முடியாதே! இரகசியம் வதந்தியை வளர்க்கிறது. வதந்தி வாக்காக அறுவடையாகிறது. வலையோடு போனவன் சிறையிலே கிடக்கிறான்.

இருள் முழுவதும் இப்படியே நீடிக்கவில்லை. 1766இலேயே சுவீடன் நாடு, அரசின் ஆவணங்களைக் காணும் உரிமையைக் குடிமக்களுக்குச் சட்டமாக வழங்கியது. நம் நாட்டிலே 1997இல் தமிழ்நாடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றி மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. விதிவிலக்குகள் மிகுந்திருந்த சட்டம்தான். எனினும் கதவிலே முதல் விரிசல் அது. இராசத்தானத்திலோ கூலிக்காரர்களே கதவை இடித்தார்கள். சாலைபோட்ட கூலி எங்கே, கணக்கைக் காட்டு என்று உழைப்பாளர் விவசாயிகள் அமைப்பு 1994இல் ஊர்ப் பொது விசாரணைகளை நடத்திற்று. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்கள் எழுப்பிய முழக்கம். அந்த முழக்கத்தின் விளைவு, 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளிலே விடை.

ஆனால் கேட்பவனுக்குக் கொடுப்பது பாதி நியாயம். கேட்காமலே கொடுப்பதுதான் முழு நியாயம். பாம்பன் கூண்டுக்கு யாராவது மனுப் போட்டார்களா? அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு இதையே சொல்கிறது: அரசு அலுவலகங்கள் தாமாகவே முன்வந்து செய்திகளை வெளியிட வேண்டும், செலவையும், அந்தப் பகுதியின் மொழியையும், அங்கே பயன்தரும் முறையையும் கருதிப் பரப்ப வேண்டும். 2012இல் மைய அரசு, புள்ளி விவரங்களைப் பகிர்வதற்கெனக் கொள்கை வகுத்து இணையதளம் திறந்தது. 2017இல், அப்படி வெளியிடும் விவரங்களை எவரும், வணிகத்துக்காகவும்கூட, எடுத்தாளலாம் என்று உரிமம் அறிவித்தது. சட்டத்திலே குறையில்லை என்று சொல்ல மாட்டோம். சட்டத்தைவிட நடைமுறையிலே குறை பெரிது என்று சொல்கிறோம்.

திறந்ததால் என்ன விளைந்தது? கைமேல் பலன் காட்டுகிறோம். புதுவையை அடுத்த வீராம்பட்டினத்திலே, 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையங்களில் ஒன்று இயங்கியது. அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலே எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியிலே சொன்னார்கள். எவனோ எதற்கோ வெளியிட்ட செய்தி, நம் மீனவனின் உயிர்க்காவல் ஆயிற்று! வெளியிட்டவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். அதுதான் திறந்த செய்தியின் சிறப்பு. நம் கடலின் அலையை அயலான் ஏட்டிலே பார்க்க வேண்டியிருந்ததே என்ற நாணமும் நமக்கு வேண்டும்.

2004 டிசம்பர் 26. காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரைக்கு ஆழிப்பேரலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! ஆயினும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அதே காலையிலே, அதே புதுவைக் கரையிலே, நல்லவாடு என்ற மீனவர் ஊர் பிழைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தியை அறிவு மையத்தின் ஒலிபெருக்கியிலே சொன்னார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். இலங்கையின் மறைவிலே இருந்ததால் இராமநாதபுரம் கரை பெருந்தாக்குதலுக்குத் தப்பிற்று. அது நில அமைப்பு தந்த வாய்ப்பு. நம் ஏற்பாடு தந்த பாதுகாப்பல்ல. 2007இல் ஐதராபாத்தின் கடல்சார் தகவல் சேவை மையத்திலே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது.

அந்த மையம், துணைக்கோள் காட்டும் கடற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் கொண்டு மீன் கூடும் இடத்தைக் கணித்து, இந்தத் துறையிலிருந்து இந்தத் திசை, இத்தனை கிலோமீட்டர், இவ்வளவு ஆழம் என்று தமிழிலும் அறிவிக்கிறது. பாம்பனிலே 2016 ஆகஸ்டு 15 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. வானிலைத் துறை ஏட்டிலே எழுதியதை மீனவனின் பேச்சிலே சொல்கிறது. ஆட்சி செய்தியைத் திரட்டட்டும். அதை ஊருக்கேற்ற உருவிலே சமைத்துப் பரிமாற ஆயிரம் கைகள் இருக்கின்றன, திறந்துவிட்டால்!

'வணிகன் எடுத்து இலாபம் பார்ப்பானே' என்று அலுவலகத்திலே முணுமுணுப்புக் கேட்கிறது. பார்க்கட்டும்! பூட்டிய செய்திக்குத்தான் கள்ளச் சந்தை. அதிகாரியின் நண்பனுக்கு மட்டும் கிடைக்கும் செய்திதான் கொள்ளை இலாபம் தரும். எல்லோருக்கும் கிடைப்பதை வைத்து எவன் ஏகபோகம் நடத்த முடியும்? அமெரிக்காவின் லாண்ட்சாட் துணைக்கோள் படங்கள், ஒன்று 600 டாலர் வரை விற்ற காலத்திலே, 2001இல், நாளொன்றுக்கு 53 படங்களே போயின. 2008இல் விலையை நீக்கினார்கள். சில ஆண்டுகளிலே நாளொன்றுக்கு 5,700 ஆயிற்று. உழவுக்கும், காட்டுக்கும், நீருக்கும் அவை பயன்பட்டன. செய்தியை விற்றுக் கருவூலம் நிறைந்ததில்லை. பயன் ஒடுங்கியதுதான் கண்ட பலன். மறுபுறம் கேரளத்தைப் பாருங்கள். 1997க்குப் பின் கைப்பேசி வந்து எந்தத் துறையில் மத்திக்கு என்ன விலை என்பது படகிலேயே தெரிந்தபோது, மீனவரின் இலாபம் சராசரி 8 விழுக்காடு கூடிற்று. வாங்குவோர் தந்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது என்று ஓர் ஆய்வு 2007இல் காட்டிற்று. இருவருக்கும் ஆதாயம்! இழந்தது எது? இருட்டு.

திறவுங்கள் என்றால், எல்லாவற்றையுமா? இல்லை. தனிமனிதனின் நோயும் குடும்பமும் அவனுக்குரியவை. அங்கே ஆட்சிக்கே வேலையில்லை. ஆட்சியின் செயலும் செலவும் அளவையும் எல்லோருக்கும் உரியவை. இந்த இரண்டையும் குழப்புவதிலே ஆபத்து இருக்கிறது. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க என்று 2023இல் இயற்றப்பட்ட சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவிலே, பொதுநலன் கருதித் தனிநபர் செய்தியைத் தரலாம் என்று அந்த விதியோடு சேர்ந்திருந்த சொற்களை நீக்கியது. குடிமகனுக்குப் போர்த்த வேண்டிய போர்வையை அதிகாரிக்குப் போர்த்தலாமா?

இன்னும் ஒன்று. 2017 நவம்பரில் ஓகி புயல். 29ஆம் நாள் தாழ்வு மண்டலம். 30ஆம் நாள் புயல். அறிவிப்பு வெளிவந்தது. ஆனால் குமரி மாவட்டத்து மீனவர்கள் அதற்குள் ஆழ்கடலிலே இருந்தார்கள். தொலைவிலே இருந்த படகுக்குக் குரல் எட்டவில்லை; பலநூறு குடும்பங்கள் பரிதவித்தன. ஆகவே, வெளியிட்டுவிட்டோம் என்பது விடையாகாது. போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. ஆங்கிலத்திலே வெளியிட்டது பாதி பூட்டியது. எடுத்தாள முடியாதபடி தாளைப் படமெடுத்து இணையத்திலே ஒட்டியது முக்கால் பூட்டியது.

மன்னார் வளைகுடாவிலே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப் பாறையைக் காக்க வேண்டும், மறுக்கவில்லை. தலைமுறையாகக் கடலிலே மூழ்கிப் பாசி எடுத்து வாழ்கிற பெண்கள் அந்தக் கரையிலே இருக்கிறார்கள். எந்தக் கோட்டைத் தாண்டினால் குற்றம் என்பதை அவர்கள் கைக்குத் தமிழிலே, வரைபடமாகத் தந்த பிறகன்றோ தண்டம் கேட்க வேண்டும்? எல்லையை ஏட்டிலே வைத்துக்கொண்டு, எல்லை மீறினாய் என்பது எந்த ஊர் நீதி?

இளைஞர் தோழர்களே! நம் இயக்கம் படிப்பகத்திலே வளர்ந்தது. ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டுத்தான் இந்த நாட்டிலே சூத்திரன் நிமிர்ந்தான். ஒருவர் படித்ததைப் பலர் எடுத்துப் பயன்கொண்ட அந்த முறைக்கு இன்று புதுப் பெயர்கள் சூட்டுகிறார்கள், முறை நம்முடையது. அதை மீண்டும் நடத்துவோம். கடலோர ஊர்தோறும் ஒரு படிப்பகம். அதிலே வானிலை அறிவிப்பு, மீன் விலை, தீவுகளின் எல்லை, ஊராட்சியின் வரவு செலவு. கிடைப்பதை எடுத்து ஒட்டுங்கள். கிடைக்காததைப் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். கணினி கற்றவர் செயலி செய்யட்டும், மொழி கற்றவர் தமிழாக்கட்டும், குரல் உள்ளவர் உரக்கப் படிக்கட்டும்.

ஈயத்தைக் காய்ச்சியவர்களின் காலம் மலையேறிற்று. கோப்புக்கு அரக்கு முத்திரை இடுவோரின் காலமும் மலையேற வேண்டும். நம் வரியிலே எழுதிய ஏடு, நம் கடலை அளந்த ஏடு, நம் கூடையை எண்ணிய ஏடு. அது நம் ஏடு! திறக்கச் சொல்வது பிச்சையல்ல, பாத்தியதை.